நாற்பதாயிரமா, பத்து சதவீதமா? வெள்ளிக்கிழமைக்குள் போட வேண்டிய கணக்கு

கேள்வி: மகன் டிப்ளமோ கெமிக்கல் முடித்து, கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் நான்கு வருடமாக வேலை செய்கிறான். பிடித்தம் போவதற்கு முன் சம்பளம் 20,000 ரூபாய். ஏப்ரல் முதல் 5 சதவீத உயர்வும் ஒரே தடவையாக 40,000 ரூபாயும் வாங்கிக்கொள். இல்லையென்றால் தொகை கிடையாது, 10 சதவீத உயர்வு என்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். எங்களுக்கு ரெண்டு வட்டியில் 40,000 கடன் இருக்கிறது. அவன் அப்பாவுக்குச் சர்க்கரை, மாத்திரை இ.எஸ்.ஐ.யில்தான் வாங்குகிறோம். தொகையை வாங்கிக் கடனை அடைக்கலாம் என்கிறேன் நான். அவன் பத்து சதவீதத்திலேயே நிற்கிறான்.
ஒரு தாய், கடலூர் முதுநகர்

பதில்: அம்மா, எதை எடுப்பது என்று வீட்டில் வாக்குவாதம் செய்வதற்கு முன்னால் மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பத்து சதவீதம் என்கிறார்களே, எதன் மேல்? பிடித்தத்துக்கு முந்தைய 20,000 மேல் என்றால் உயர்வு 2,000. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளத்தின் மேல் மட்டும் என்றால், பேசிக் பாதி, அதாவது 10,000 என்று வைத்துக்கொண்டால், உயர்வு வெறும் 1,000. அப்போது ஐந்து சதவீதத்துக்கும் பத்து சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் மாதம் 500 ரூபாய்தான். 40,000-ஐ ஈடுகட்ட 80 மாதம் ஆகும். அந்த நிலையில் யோசிக்கவே வேண்டாம், தொகையை வாங்கிக்கொள்ளலாம். சி.டி.சி. (மகனுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) மேல் சதவீதம் என்று சொன்னாலும் உஷார்: கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். உயர்வில் ஒரு பகுதி கைக்கு வராமல் அங்கேயே நின்றுவிடும்.

முழுச் சம்பளத்தின் மேல்தான் என்றே வைத்துக்கொண்டு மேலே போவோம். ஒரு பக்கம் 21,000, மறுபக்கம் 22,000. வித்தியாசம் மாதம் 1,000, வருடம் 12,000. இனி வரும் வருடங்களில் எந்தப் பக்கம் போனாலும் 7 சதவீதம் ஏறும் என்று வைத்தால், இந்த வித்தியாசமும் கூடவே வளரும்: இரண்டாம் வருடம் 12,840, மூன்றாம் வருடம் 13,739, நான்காம் வருடம் 14,701. மூன்று வருடம் முடியும்போது சேர்ந்திருப்பது 38,579. நாலாவது வருடம் தொடங்கி இரண்டாம் மாதத்தில், அதாவது 38-ஆவது மாதத்தில், 40,000-ஐத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் பத்து சதவீதத்தின் லாபம். ஐந்து வருடத்தில் சேரும் வித்தியாசம் மொத்தம் 69,010 ரூபாய்; 40,000 போக லாபம் 29,010.

‘மூணு வருஷம் அங்கேயே இருப்பானா என்று யாருக்குத் தெரியும், தொகையை வாங்கிக்கொள்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். பாதி சரி. சிப்காட்டில் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் சரி, புதுச்சேரிப் பக்கம் சேதராப்பட்டுக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ போனாலும் சரி, எச்.ஆர். முதலில் கேட்பது கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு. அதில் இருக்கும் எண்ணின் மேல்தான் இத்தனை சதவீதம் கூட்டித் தருவார்கள். இந்த நாற்பதாயிரம் அந்தச் சீட்டில் இருக்காது. அதனால் இரண்டாம் வருடமே வேலை மாறினாலும் அந்த ஆயிரம் ரூபாய் வித்தியாசம் பையனோடு போகும். உங்கள் மகன் பிடிவாதம் பிடிப்பதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

அந்த ஆயிரம் மற்ற இடங்களிலும் வேலை செய்யும். முழுக்க பேசிக்கில் ஏறினால், பி.எஃப்.புக்கு மகன் பங்கு 120, கம்பெனி பங்கு 120 கூடும். கிராஜுவிட்டி, கடைசியாக வாங்கிய பேசிக்கையும் டி.ஏ.வையும் (அகவிலைப்படி) கூட்டி, 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, அதைப் பணி செய்த மொத்த வருடங்களால் பெருக்குவது. ஏற்கெனவே முடித்த நான்கு வருடங்களுக்கும் இந்த உயர்வு சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பத்து வருடம் முடித்து வெளியே வந்தால் இந்த ஆயிரத்துக்காக மட்டும் 5,769 ரூபாய் அதிகம். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி. மாதம் இரண்டு ஷிஃப்ட், 16 மணி நேரம் ஓ.டி. பார்க்கிறவருக்கு ஆயிரம் ரூபாய் உயர்வு மேற்கொண்டு சுமார் 150 ரூபாயைக் கொண்டுவரும். உயர்வை ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ என்ற தலைப்பில் போட்டால் இவற்றில் பெரும்பகுதி கிடைக்காமல் போகலாம். எந்தத் தலைப்பில் ஏற்றுகிறார்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

ஆனால் பையனின் அடுத்த படி எது? டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டிருக்கிறானா? நெய்வேலி என்.எல்.சி. அறிவிப்புக்குக் காத்திருக்கிறானா? அங்கெல்லாம் பதவிக்கு ஒரு சம்பள விகிதம். தனியாரில் கடைசியாக 21,000 வாங்கினானா 22,000 வாங்கினானா என்பதை யாரும் பார்ப்பதில்லை. வளைகுடா வேலையும் பெரும்பாலும் அப்படித்தான், வேலைக்குத்தான் சம்பளம். மூன்று வருடத்துக்குள் இப்படி ஒரு தாவல் நிச்சயம் என்றால் சதவீதத்தின் பெரிய பலமே போய்விடுகிறது.

இப்போது உங்கள் கடன். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். 40,000-க்கு மாதம் 800 வட்டி. பத்து சதவீதத்தை எடுத்து, கூடுதலாக வரும் 1,000-ஐ அப்படியே கடன்காரருக்குக் கொடுத்தால், முதல் மாதம் 800 வட்டிக்குப் போகும். அசலில் 200 குறையும். மாதாமாதம் ஆயிரமே கட்டினால் அடைய 82 மாதம், ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கைமாற்றுக் கடனில் அசலைச் சில்லறையாக வாங்கிக்கொள்ளவும் பலர் சம்மதிப்பதில்லை. வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு அசலை நிறுத்தி வைப்பார்கள். தொகையை எடுத்தால் அந்த மாதமே கடன் முடிந்தது, 800 ரூபாய் வீட்டில் நிற்கிறது. இதில் நீங்கள் சொல்வதுதான் சரி.

பீரோவில் ஓரிரு பவுன் சும்மா இருந்தால் மட்டும் கணக்கு மாறும். வங்கியில் நகையை வைத்து 40,000 வாங்கி இந்தக் கடனை முடித்துவிடலாம். வங்கி வட்டி வருடத்துக்கு 9 சதவீதம் என்று வைத்தால் மாதம் 300 ரூபாய்தான். ஆயிரம் கட்டினால் 700 அசலுக்குப் போகும். 48 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும், சம்பளமும் 22,000-இல் தொடங்கி வளர்ந்திருக்கும். நகைக்கடன் வழக்கமாக 12 மாதக் கெடுவில் தருவது. வருடம் முடியும்போது வட்டியைக் கட்டி மாற்றி வைக்க மறந்தால் ஏல நோட்டீஸ் வரும். நாட்காட்டியில் குறித்து வைக்கும் பழக்கம் இல்லாத வீட்டுக்கு இந்த யோசனையைச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் வந்து போகிறது. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. இப்போதைய சம்பள வரம்பு மாதம் 21,000. இருபத்தொன்றாயிரம் சரியாக இருந்தால் உள்ளே, அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் வெளியே. ஐந்து சதவீத உயர்வு அந்தக் கோட்டிலேயே போய் நிற்கிறது. பத்து சதவீதம் கோட்டைத் தாண்டிவிடுகிறது. ஒரே தடவையாகத் தரும் தொகை வழக்கமாக இந்த மாதச் சம்பளக் கணக்கில் சேராது. உள்ளே இருந்தால் மகன் சம்பளத்தில் 0.75 சதவீதம், ரூபாய்க்கு முழுமையாக்கி மாதம் 158 பிடிப்பார்கள், கம்பெனி 3.25 சதவீதம் கட்டும். வருடத்துக்கு 1,896 ரூபாய்க்கு மகனுக்கும், அவனை அண்டியிருக்கும் உங்கள் இருவருக்கும் மருத்துவம். டிஸ்பென்சரி, மாத்திரை, தேவைப்பட்டால் புதுச்சேரி கோரிமேட்டு இ.எஸ்.ஐ. மருத்துவமனை போன்ற இடங்களில் படுக்கை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். மகன் சம்பளம் இப்போதே அதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை உள்ள, வயதான ஒருவருக்குத் தனியார் பாலிசி விசாரித்துப் பாருங்கள். பத்து சதவீதத்தில் கூடுதலாக வரும் 12,000-க்குள் பிரீமியம் அடங்கினால் அதிர்ஷ்டம்.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. அடுத்த ஏப்ரலில் வழக்கமான 7 சதவீதம் ஏறினால் 21,000 எப்படியும் 22,470 ஆகிவிடும். ஆக, ஐந்து சதவீதம் உங்களுக்கு இ.எஸ்.ஐ.யை நிரந்தரமாகக் காப்பாற்றவில்லை. ஒரு வருடம் தள்ளிப்போடுகிறது. சந்தாக் காலம் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு. அக்டோபர்–மார்ச் சந்தாவுக்கான பலன் காலம் ஜூலை முதல் டிசம்பர் வரை. இந்த ஏப்ரலில் வெளியே போனால் பலன் இந்த டிசம்பரோடு நிற்கும்; அடுத்த ஏப்ரலில் போனால் அடுத்த டிசம்பர் வரை. தேதிகளை டிஸ்பென்சரியிலும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த ஒரு வருடத்தை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில்தான் விஷயம். தனியார் பாலிசியில், எடுப்பதற்கு முன்பே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்பு வைக்கலாம். இ.எஸ்.ஐ. கையில் இருக்கும்போதே அவன் அப்பாவுக்கு ஒரு சிறிய பாலிசி எடுத்துவிட்டால் அந்தக் கடிகாரம் இன்றே ஓடத் தொடங்கும். சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் பணம் தர மறுப்பார்கள். பிரீமியத்துக்கு, மிச்சமாகும் 800 வட்டி இருக்கிறது. முழுக் காத்திருப்பையும் இது மூடாது, இடையில் ஓர் இடைவெளி இருக்கும். ஆனாலும் வெறுங்கையோடு வெளியே வருவதற்கு இது எவ்வளவோ மேல்.

எனவே நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால்: அடகு வைக்க நகை இல்லை என்றால் தொகையை வாங்கிக் கடனை அடையுங்கள். நகை இருந்து, இ.எஸ்.ஐ.க்குப் பதிலாகப் பெற்றோரையும் சேர்த்துக் குரூப் இன்சூரன்ஸ் தருவதாகக் கம்பெனி எழுதிக் கொடுத்தால், மகன் சொல்வதுபோல் பத்து சதவீதம். குரூப் இன்சூரன்ஸ் என்றால் பல இடங்களில் மனைவி, பிள்ளைகளோடு சரி. பெற்றோர் பெயர் அதில் இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் சொந்தக்காரர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துப் போக வேண்டாம். உங்கள் மகனுக்கு வருமான வரி எந்தப் பக்கமும் பூஜ்யம். 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் 12,75,000 வரை சம்பளத்துக்கு வரி இல்லை. 12,50,000 வாங்குகிறவர் அதே ஆண்டில் ஒரு லட்சம் தொகை வாங்கினால் அந்த வரம்பைத் தாண்டிவிடுவார்; வரியும் செஸ்ஸுமாக 74,100 போய், கையில் 25,900 மிஞ்சும். பாதியை ஏப்ரலுக்குத் தள்ளச் சொல்லிக் கேட்பது அவர்களுக்குத்தான் பொருந்தும்.

தொகை என்று முடிவானால் கையெழுத்துக்கு முன் கடிதத்தில் நான்கு இடத்தைப் படிக்கச் சொல்லுங்கள். பணம் எந்த மாதச் சம்பளத்தோடு வரும் என்று தேதி இருக்கிறதா? ‘லாபத்தைப் பொறுத்து’, ‘நிர்வாகத்தின் விருப்பப்படி’ போன்ற சொற்கள் இருக்கின்றனவா? இருந்தால் அது வாக்குறுதி இல்லை. ‘அட்வான்ஸ்’ என்று போட்டிருக்கிறதா? அட்வான்ஸ் என்றால் திருப்பிப் பிடிக்கலாம். கடைசியாக, இத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா? 12 மாதம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அப்போதும், இருந்த மாதங்களைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கேட்பார்களா, முழுதையுமா என்று பார்க்க வேண்டும். 24 மாதம், முழுத் தொகை என்று இருந்தால் அது கடன்காரரை மாற்றிக்கொள்வது மட்டும்தான். வட்டி இல்லாவிட்டாலும் பையன் கால் கட்டப்பட்டுவிடும். அந்த நிபந்தனையைக் கம்பெனி நீக்க மறுத்தால் பத்து சதவீதத்துக்கே கையெழுத்துப் போடட்டும்.

புதன்கிழமையே எச்.ஆர்.க்கு மின்னஞ்சலில் இவ்வளவு அனுப்பினால் போதும்: “இரு தெரிவுகளிலும் சதவீதம் எந்தத் தொகையின் மேல் கணக்கிடப்படுகிறது, உயர்வு எந்தத் தலைப்பில் சேரும், எந்தத் தேதியிலிருந்து, 40,000 எப்போது வழங்கப்படும், திரும்பச் செலுத்தும் நிபந்தனை உண்டா, இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டினால் பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு உண்டா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.” வியாழன் மாலை வரை எழுத்தில் பதில் வராவிட்டால், வெள்ளிக்கிழமைக் கெடுவைத் திங்கள்கிழமைக்கு மாற்றித் தரும்படி அதே மின்னஞ்சலின் கீழேயே கேட்கலாம்.