ஃப்யூஸ் மாற்றியதும் உடனே போய்விடுகிறது. பழைய ஆம்ப்ளிஃபையரின் பவர் சப்ளையை நானே சரிசெய்ய முடியுமா?

முடியும். ஆனால் மூன்றாவது ஃப்யூஸைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் அதைக் கீழே வையுங்கள்.

இரண்டு முறை ஃப்யூஸ் மாற்றியும் சுவிட்சைப் போட்ட கணமே 'பட்'டென்று போய்விட்டதாகவும், கெட்டுப்போனது டிரான்ஸ்ஃபார்மரா டயோடா என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஃப்யூஸ் தன் வேலையைச் செய்துவிட்டுத்தான் செத்திருக்கிறது. அதைக் கொன்றது யார் என்று தெரியாமல் இன்னொன்றைப் பலி கொடுத்து என்ன பயன்? நானும் ஒரு காலத்தில் நான்கு ஃப்யூஸ்களைப் பலி கொடுத்துவிட்டு, ஐந்தாவதாக அதிக ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றை மாட்டியவன்தான். ஃப்யூஸ் பிழைத்துக்கொண்டது, டிரான்ஸ்ஃபார்மர் வெந்துபோனது. வார்னிஷ் கருகிய அந்த வாடை அறையை விட்டுப் போக இரண்டு நாள் ஆயிற்று.

எரிந்த ஃப்யூஸைத் தூக்கிப் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி உள்ளே கறுத்தோ வெள்ளி பூசியதுபோலவோ இருந்தால் ஏதோ ஒன்று முழு ஷார்ட் ஆகியிருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருந்து, கம்பி மட்டும் நடுவில் லேசாக அறுந்திருந்தால் மிதமான அதிகச் சுமையாக இருக்கலாம். வெறும் வயோதிகமாகவும் இருக்கலாம். சுவிட்சைப் போட்ட நொடியிலேயே போகிறது என்பதால் உங்களுடையது கறுப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உலோக மூடியில் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். அது மெதுவாகப் போகும் வகை. வளைய வடிவிலான பெரிய டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் சுவிட்ச் போட்டதும் ஒரு கணம் நிறைய மின்சாரத்தை இழுக்கும். அங்கே வேகமாகப் போகும் வகையை மாட்டினால், எந்தக் கோளாறும் இல்லாமலேயே ஃப்யூஸ் போகும்.

மூடியைத் திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் மிச்சமிருக்கும். சிலர் ஸ்க்ரூடிரைவரை வைத்து இரண்டு முனைகளையும் தொட்டு 'வெடி' போடுவார்கள். வேண்டாம், கெப்பாசிட்டருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு. 1,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ஒரு நிமிடம் குறுக்கே பிடியுங்கள். 10,000 மைக்ரோஃபாரட் என்றாலும் வடிந்துவிடும். பிறகு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி முக்கியமான கருவி. விலை உயர்ந்ததெல்லாம் இல்லை, பழைய குண்டு பல்புதான். 60 அல்லது 100 வாட் இழை பல்பு ஒன்றை, ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் லைன் கம்பியில் தொடராக இணையுங்கள். இதற்கு எல்ஈடி பல்பு உதவாது, இழை பல்பேதான் வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் நின்று எரியும்; மின்சாரத்தைப் பல்பே கட்டுப்படுத்திவிடுவதால் ஃப்யூஸ் போகாது. எல்லாம் சரியாக இருந்தால், கெப்பாசிட்டர்கள் நிரம்பும்வரை ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கி, இழை சிவந்ததும் சிவக்காததுமாக நிற்கும். எத்தனையோ தடவை பார்த்தும் அந்த மங்கலில் எனக்கு இன்னும் ஒரு நிம்மதி உண்டு.

பல்பு மாட்டியாயிற்றா? இப்போது பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே வாருங்கள். முதலில் டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டுக் கம்பிகளை, ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடுகளின் கூட்டமான பிரிட்ஜிலிருந்து கழற்றி, ஒன்றோடொன்று தொடாமல் டேப் சுற்றிவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள். அப்போதும் பல்பு பிரகாசமாக எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது, வருத்தமான செய்திதான். மங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் தப்பியது. அடுத்து பிரிட்ஜையும் கெப்பாசிட்டர்களையும் மட்டும் சேர்த்து, ஆம்ப்ளிஃபையர் போர்டுக்குப் போகும் கம்பிகளைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள். இப்போது பிரகாசமாக எரிந்தால் குற்றவாளி பிரிட்ஜ் அல்லது கெப்பாசிட்டர். இங்கேயும் மங்கி, போர்டைச் சேர்த்தால் மட்டும் எரிகிறது என்றால், பவர் சப்ளை நிரபராதி. பெரும்பாலும் ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் ஷார்ட் ஆகியிருக்கும். பவர் சப்ளை கோளாறு என்று என்னிடம் வந்தவற்றில் பாதி இப்படித்தான் முடிந்திருக்கின்றன.

டயோடுகளைப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் கம்பிகள் கழன்ற நிலையில், மீட்டரின் டயோடு அளவையில் பாருங்கள். ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்டி, மறுபக்கம் எதுவும் காட்டாதது நல்லது. இரு பக்கமும் பூஜ்யத்துக்கு அருகே காட்டினால் அதுதான் உங்கள் ஃப்யூஸைக் கொன்றது.

எவ்வளவு வோல்ட் வர வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் (நடுக்கம்பிக்கு இருபுறமும் 24 வோல்ட் தருவது) என்றால் 24-ஐ 1.41-ஆல் பெருக்கி, டயோடுக்கு 0.7 கழித்தால் சுமார் 33 வோல்ட். பல்பை எடுத்துவிட்டு, சுமை இல்லாமல் அளந்தால் இன்னும் ஓரிரு வோல்ட் கூடுதலாக இருக்கும். கூட்டல் பக்கமும் கழித்தல் பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்.

உள்ளே 7815, 7915 ரெகுலேட்டர்கள் (வோல்ட்டைக் கூட்டல் 15, கழித்தல் 15 என்று நிலையாக வைக்கும் மூன்று கால் ஐசிகள்) இருந்தால் ஓர் எச்சரிக்கை. பார்க்க இரட்டைப் பிள்ளைகள், ஆனால் கால்களின் வரிசை வேறு. 7815-இல் முதல் கால் உள்ளீடு, நடுக்கால் தரை. 7915-இல் முதல் கால் தரை, நடுக்கால் உள்ளீடு; அதன் முதுகிலுள்ள உலோகத் தகடும் அந்த உள்ளீட்டோடு சேர்ந்தது. ஒருமுறை நான் 7915-ஐ மாற்றியபோது, பழைய ஐசியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த, மின்சாரம் கடத்தாத மைக்கா தாளை அதோடு சேர்த்தே குப்பையில் போட்டுவிட்டு, புதியதை நேராக, சூட்டை வெளியேற்றும் உலோகமான ஹீட் சிங்கில் திருகிவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் பல்பு பளீரென்று எரிந்தது. கழித்தல் பக்கம் முழுவதும் பெட்டியின் உலோகத்தோடு ஒட்டி நின்றது. அன்று பல்பு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குப்பைக்கூடையைக் கிளறி, நகத்தளவு மைக்காவைத் தேடி எடுத்துத் துடைத்து மாட்டினேன்.

கெப்பாசிட்டர் மாற்றுவதாக இருந்தால் மைக்ரோஃபாரட் அளவு அதேதான் இருக்கட்டும். வோல்ட் அளவு பழையதற்குக் குறையவே கூடாது, கூடினால் தவறில்லை. 105 டிகிரி வரை சூடு தாங்கும் வகையாகப் பாருங்கள். தலை உப்பியவற்றை மட்டும் மாற்றுவது போதாது, உப்பாமலே உள்ளே காய்ந்துபோனவையும் உண்டு. பாட்டின் அடியில் ஓயாமல் ஓர் இரைச்சல் கேட்டால் சந்தேகம் அவற்றின்மேல்தான்.

உங்களுடையது டிரான்ஸ்ஃபார்மர் வகை என்று வைத்துத்தான் இவ்வளவும் சொன்னேன். பெட்டி எடை குறைவாக இருந்து, உள்ளே எஸ்எம்பிஎஸ் (கனமான டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை) போர்டு தெரிந்தால் இதே துணிச்சலோடு கை வைக்காதீர்கள். 230 வோல்ட் அங்கே நேராக டிசியாகி, முதன்மைக் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் அளவுக்கு நிற்கும். அதைப் பழகியவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்து பல்பு மங்கிவிட்டாலும் ஸ்பீக்கரை உடனே மாட்ட வேண்டாம். ஸ்பீக்கர் முனைகளில் டிசி அளந்து பாருங்கள்: 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் மாட்டலாம். 33 வோல்ட்டும் அப்படியே வந்து நின்றால், மறுபடி அவுட்புட் டிரான்சிஸ்டர்களிடம் போக வேண்டியதுதான். அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுங்கள், போர்டின் படத்தோடு.