பழைய எல்ஃப் லொறியின் பின் அக்சில் தேய்ந்துவிட்டது, குறைந்த செலவில் மாற்ற வழி உண்டா?

கிளிநொச்சியில் நெல் ஏற்றுகிற லொறி, பின்னால் இரைச்சல், புது அக்சிலுக்குக் காசில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, கழற்ற முதல் இரைச்சலைக் கவனியுங்கள். அக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் ஊளை மாறினால் பெரும்பாலும் கிரவுண், பினியன், அதாவது அக்சிலுக்குள் சில்லைச் சுற்றவைக்கிற பெரிய, சின்னப் பல்சக்கரச் சோடி. வேகத்தோடு சேர்ந்து ஒரே மாதிரி உறுமினால் வீல் பெயாரிங்தான், அதையும் ஒயில் கசியாமல் தடுக்கிற ஒயில் சீலையும் மாற்றினாலே போதும், அக்சிலில் கை வைக்காதீர்கள். அக்சில் ஒயிலையும் வடித்துப் பாருங்கள்: சாம்பல் நிறப் பசை வழமை, பல்லுத் துண்டு வந்தால் உள்ளே உடைந்திருக்கிறது.

கிரவுண் போயிருந்தால், கொழும்பு பஞ்சிகாவத்தையில் உள்ள உதிரிப்பாகக் கடைகளில் பாவித்த அக்சிலை ஹவுசிங்கோடு (வெளிக்கூட்டோடு) எடுப்பதுதான் என் கணக்கில் லாபம், ஏனென்றால் புதுக் கிரவுண், பினியன் செட் போட்டால் பல் இடைவெளியை ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்துச் சரிபார்க்கத் தெரிந்த கை வேண்டும், அது பிழைத்தால் போட்ட காசு முழுக்க வீண். வாங்கும்போது பற்களை எண்ணுங்கள், கிரவுணில் 41, பினியனில் 7 என்றால் உங்களுடையதும் அதேதான் இருக்கவேண்டும். வீல் ஸ்டட் (சில்லை இறுக்குகிற போல்ட்), பிரேக் ட்ரம், ஸ்பிரிங் இருக்கிற இடைவெளி எல்லாவற்றையும் அளந்துகொண்டு போங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து பூட்டுகிற பிளாஞ்சைக் கையால் ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினால் வேண்டாம்.

அக்சிலை ஸ்பிரிங்கோடு இறுக்குகிற யூ போல்ட் மட்டும் கட்டாயம் புதிது. மாரியில் வெள்ளத்துக்குள் ஓடுவீர்கள்தானே, சூடான அக்சில் தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால் பிரீதர் என்கிற காற்றுத் துவாரத்தாலும் பழைய சீலாலும் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.