ஜிரோகாஸ்தர்: கல் கூரை ஊருக்குப் போகிறவர்கள் கேட்ட கேள்விகள்

அல்பேனியாவின் தெற்கே, த்ரினோ பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மலைச்சரிவில் அடுக்கடுக்காக நிற்கும் பழைய ஊர் ஜிரோகாஸ்தர். 2005 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு முறை போய்த் தங்கி வந்தவள் என்பதால் கேள்விகளை என்னிடம் அனுப்பினீர்கள். பதில்கள் இதோ.

சரந்தா கடற்கரையில் நான்கு நாள் இருக்கிறோம். அங்கிருந்து காலையில் போய் மாலையில் திரும்பினால் போதுமா, அக்கா?

போய் வரலாம், ஒன்றரை மணி நேரப் பயணம்தான். ஆனாலும் ஓர் இரவாவது தங்குங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். பகலில் கடற்கரையிலிருந்து வரும் சுற்றுலாப் பேருந்துகளால் கடைத்தெரு நெரியும். ஐந்து மணிக்கு மேல் அவை கிளம்பியதும் ஊர் ஊர்க்காரர்களிடம் திரும்பிவிடும். சாய்ந்த வெயிலில் கல் கூரைகள் எல்லாம் சாம்பலிலிருந்து வெள்ளிக்கு மாறும் அந்த அரை மணி நேரம் பகலில் வந்து போகிறவர்களுக்குக் கிடைக்காது.

எப்படிப் போவது? விசா?

தலைநகர் திரானாவிலிருந்து பேருந்தில் சுமார் நான்கு மணி நேரம். கிரேக்கத்தின் யோவானினாவிலிருந்து வந்தால் ககாவியா எல்லையைத் தாண்டிச் சிறிது தூரம்தான். கோர்ஃபு தீவிலிருந்து கப்பலில் சரந்தாவுக்கு வந்தும் போகலாம். பேருந்து உங்களைக் கீழே, நெடுஞ்சாலை ஓரப் புது ஊரில் இறக்கிவிடும். பழைய ஊர் மேலே இருக்கிறது. பெட்டியோடு ஏற வேண்டாம், டாக்ஸி பிடியுங்கள். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், அல்பேனிய வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

அம்மாவுக்கு மூட்டுவலி. கூட்டிப் போகலாமா?

கடைத்தெருவரை கார் போகும், அங்கே உட்கார நிறையக் காபிக் கடைகள் உண்டு. அதற்கு மேல் எல்லாமே ஏற்றம். கருப்பு, வெள்ளை, இளஞ்சிவப்புக் கற்களைக் கோலம் போட்டதுபோலப் பதித்த பாதைகள், பல தலைமுறைக் கால்கள் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகியிருக்கின்றன. மழை பெய்தால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். முதல் பயணத்தில் ஒரு தூறலில் விழுந்து மணிக்கட்டு வீங்கியது எனக்கு. அம்மாவுக்கு ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி வாங்குங்கள், தங்குமிடத்தைக் கடைத்தெருவை ஒட்டியே எடுங்கள். கோட்டைக்கு டாக்ஸியில் ஏறி, நடந்து இறங்காமல், டாக்ஸியிலேயே திரும்புங்கள். முட்டிக்கு இறக்கம்தான் பொல்லாதது.

கோட்டையில் அமெரிக்க விமானம் இருக்கிறதாமே, ஏன்?

1957 டிசம்பரில் அமெரிக்க விமானப்படையின் டி-33 ஜெட் ஒன்று அல்பேனியாவில் இறங்கியது. வழிதவறி வந்ததாக அமெரிக்கா சொன்னது. உளவு விமானத்தை இறக்கினோம் என்று அல்பேனிய அரசு சொன்னது. விமானி சில வாரங்களில் விடுவிக்கப்பட்டார், விமானம் திரும்பவில்லை. பின்னாளில் காட்சிப் பொருளாகக் கோட்டைக்கு வந்தது. நிறம் மங்கிப் பழசாகி அங்கேயே நிற்கிறது.

ஆனால் விமானத்தோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அதே கோட்டை பல ஆட்சிகளில் சிறையாக இருந்தது. அந்த அறைகளையும் பாருங்கள். கடைசியில் மணிக்கூண்டுப் பக்கம் நடந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரியும். 1968 முதல் தேசிய நாட்டுப்புறக் கலைவிழா நடப்பதும் இந்தக் கோட்டை மேடையில்தான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்பது கணக்கு, நாள் தள்ளிப்போவதும் உண்டு. 2015-க்குப் பிறகு 2023-ல்தான் நடந்தது. அந்தச் சமயம் வாய்த்தால் விடாதீர்கள். தெற்கு அல்பேனியப் பலகுரல் பாட்டில், மற்றவர்கள் ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்திருக்க அதன்மேல் சிலர் தனித்தனிக் குரலில் பாடுவார்கள். கல் சுவர்களுக்கு நடுவே கேட்கும்போது நெஞ்சுக்கூடே அதிரும்.

ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால்?

கோட்டையை விட்டுவிட்டு ஒரு வீட்டுக்குள் போங்கள். இதைச் சொல்லத்தான் இத்தனை கேள்விகளுக்கும் உட்கார்ந்தேன்.

இந்த ஊரின் வீடுகளை 'குல்லா' என்பார்கள். கோபுரம் என்று பொருள். நிலம் வைத்திருந்த செல்வந்தர்கள் கட்டியவை. கீழே உயரமான அடித்தளம், அதில் சேமிப்பும் தண்ணீர்த் தொட்டியும். கூரையில் விழும் மழை அந்தத் தொட்டிக்கு வரும். முதல் மாடி குளிர்காலத்துக்கு, சிறிய ஜன்னல்களோடு. அதற்கு மேல் மாடி கோடைக்கு, காற்று வர வரிசையாக ஜன்னல்கள். பருவம் மாறினால் குடும்பமே ஒரு மாடி ஏறிக் குடியேறும்!

ஊரின் உச்சியில் இருக்கும் ஸெகாத்தே வீடு 1811–12-ல் கட்டியது. முகப்பில் இரண்டு பெரிய வளைவுகள். மேல் மாடி விருந்தினர் அறையில் அடுப்பைச் சுற்றிப் பூவும் கனியுமாய் ஓவியம். ஸ்கெந்துலி வீடு கீழே, எளிதில் போகக்கூடியது. கம்யூனிச ஆட்சி பறித்துக்கொண்ட வீட்டை, அந்த ஆட்சி விழுந்த பிறகு குடும்பம் திரும்பப் பெற்றது. வீட்டுக்காரர்களே சுற்றிக் காட்டுகிறார்கள். விருந்தினர் அறைக்கு மேலே மரச்சட்டம் அடித்த ஒரு மாடம் இருக்கிறது. வந்தவர்களை, அவர்கள் கண்ணில் படாமல் பெண்கள் அங்கிருந்து பார்ப்பார்களாம். அந்தச் சட்டத்தின் பின்னால் நான் வெகுநேரம் நின்றேன்.

நுழைவுக் கட்டணம் சின்னத் தொகை, ரொக்கமாக, அல்பேனியப் பணமான லெக்கில் கொடுங்கள். அந்தப் பணம் கூரைக்குப் போகிறது. கல் பலகை வேய்ந்த கூரையின் எடை பயங்கரம். ஒரு உத்தரம் உளுத்தால் மொத்தமும் உள்ளே இறங்கிவிடும். 1991-க்குப் பிறகு ஏராளமானோர் கிரீஸுக்கும் இத்தாலிக்கும் பிழைக்கப் போனார்கள். பூட்டிய வீடுகள் பல வாரிசுகளுக்குப் பங்காகி, சரிசெய்ய ஆளில்லாமல் கிடக்கின்றன. சந்துகளில் நடந்தால் வானம் தெரியும் வீடுகளை நீங்களே பார்ப்பீர்கள்.

சர்வாதிகாரி ஹோஜா பிறந்த வீடும் அங்கேதானே?

ஆமாம். என்வர் ஹோஜா 1908-ல் இங்கே பிறந்தார், 1944 முதல் 1985-ல் இறக்கும்வரை ஆண்டார். நீங்கள் பார்க்கப்போவது அவர் பிறந்த சுவர்கள் அல்ல. அந்த வீடு எரிந்து போனது. அதே இடத்தில் 1966-ல் எழுப்பியதுதான் இன்றைய இனவியல் அருங்காட்சியகம். பழைய வீட்டுச் சாமான்களைப் பார்க்க நல்ல இடம். எழுத்தாளர் இஸ்மாயில் கதாரே பிறந்த வீடும் நடக்கிற தூரத்தில் இருக்கிறது.

கடைத்தெரு மசூதியையும் பாருங்கள், 1757-ல் கட்டியது. ஹோஜா அரசு 1967-ல் நாட்டை நாத்திக நாடாக அறிவித்து வழிபாட்டிடங்களை மூடிப் பலவற்றை இடித்தபோது இது இடிபடாமல் தப்பியது. உயரமான கூரை என்பதால் சர்க்கஸ்காரர்கள் உள்ளே பயிற்சி எடுத்தார்கள்.

சைவம் கிடைக்குமா?

தாராளமாக. கீரை அல்லது பாலாடைக்கட்டி வைத்து மெல்லிய மாவு அடுக்குகளில் சுட்ட பைரெக், அரிசி அடைத்த குடைமிளகாய், சுட்ட காய்கறி எல்லாம் உண்டு. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் 'சிஃப்சி' கேளுங்கள். இந்த ஊருக்கே உரிய பண்டம். வேகவைத்த சோற்றில் முட்டையும் புதினாவும் சேர்த்து, குழி குழியான கல்லில் ஊற்றித் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். அப்படியே நம் பணியாரக் கல்தான்! ஒரு பாட்டி அதைத் திருப்புவதைப் பார்த்து எங்கள் வீட்டு அடுப்படிக்கே போய்விட்டேன். இனிப்புக்கு ஓஷாஃப்: உலர்ந்த அத்தியை ஆட்டுப்பாலில் சேர்த்துச் செய்வது.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் பாதிவரை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் கல் சுடும். குளிர்காலத்தில் மழை அதிகம்.

மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா, அக்கா?

முடியும் தம்பி. இளையவர்கள் ஆங்கிலம் பேசுவார்கள், பெரியவர்களில் பலருக்கு இத்தாலியனோ கிரேக்கமோ தெரியும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பழைய ஆட்கள் தலையை மேலும் கீழும் அசைத்தால் 'இல்லை', பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆமாம்'. நம் தலையாட்டலையும் அவர்கள் 'ஆமாம்' என்றே எடுத்துக்கொள்வார்கள். இன்னொரு கோப்பை ராக்கி (அந்த ஊர்ச் சாராயம்) வேண்டாம் என்று நான் தலையாட்டியபோதெல்லாம் அந்த வீட்டுத் தாத்தா ஊற்றிக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்றால் 'யோ' என்று வாயால் சொல்லி, கையை நெஞ்சில் வையுங்கள். அவருக்கும் மனம் நோகாது.