மாட்டெலும்புத் தூள் வேண்டாம் என்று சொல்லலாமா?

கேள்வி: எனக்கு வயது 56. கடைவாய்ப் பல்லை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) பொருத்தப் போனபோது, தாடை எலும்பு மெலிந்துவிட்டது, எலும்புத் தூள் வைக்க வேண்டும் என்றார் பல் மருத்துவர். எதில் செய்தது என்று நான் கேட்ட பிறகுதான் மாட்டெலும்பு என்று சொன்னார். மனம் ஒப்பவில்லை. நோய் ஏதும் தொற்றுமா என்ற பயமும் இருக்கிறது. எலும்பு அடர்த்திக் குறைவுக்கு வாரம் ஒரு மாத்திரை எடுக்கிறேன். வேறு தொந்தரவு இல்லை.

பதில்: நீங்கள் கேட்காமலே அவர் சொல்லியிருக்க வேண்டும். உடம்புக்குள் வைத்துத் தைக்கப்போகும் பொருள் எந்த உயிரிலிருந்து வந்தது என்று தெரியாமல் கொடுக்கும் சம்மதம் அரைச் சம்மதம்தான்.

பயத்தைப் பொறுத்தவரை, அந்தத் தூளில் மாட்டின் செல்களோ கொழுப்போ இருக்காது. கடும் வெப்பத்தாலும் ரசாயனங்களாலும் அவற்றை நீக்கிவிட்டு, கால்சியம், பாஸ்பேட் கொண்ட தாதுச் சட்டகத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அதைப் பற்றிக்கொண்டு உங்கள் எலும்பு வளரும். நோய் தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் மெதுவாகத்தான் கரையும். வருடக்கணக்கில் உள்ளேயே தங்கும். பிறகு மனசு உறுத்தினால் சுரண்டி எடுப்பது எளிதல்ல.

வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லலாம். பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் போன்ற செயற்கைத் தூள்கள் இருக்கின்றன. உங்கள் தாடையின் பின்பகுதியிலிருந்தே கொஞ்சம் எலும்பு எடுத்தும் வைக்கலாம்; என்ன, இன்னொரு இடத்திலும் புண் ஆறவேண்டும். மனித தானத்தில் பெற்றுப் பதப்படுத்திய எலும்பும் உண்டு. உங்கள் தாடைக்கு எது பொருந்தும் என்பதை ஸ்கேன் பார்த்து அவர்தான் சொல்ல முடியும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. தூளுக்கு மேல் ஒரு சவ்வு வைத்து மூடுவார்கள். அது பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டின் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. தூளை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு இதை விட்டுவிடாதீர்கள்.

தூள் வரும் குப்பியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு குப்பி ஒருவருக்குத்தான். விலை அதிகம் என்பதால், மிச்சத்தை அடுத்தவருக்கு எடுத்துவைக்கும் ஆசை சில இடங்களில் வருகிறது; அது கிருமிக்குக் கதவு திறப்பது. தயாரிப்பின் பெயரும் லாட் எண்ணும் (எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்) உள்ள ஸ்டிக்கரில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாளை அந்தத் தயாரிப்பில் குறை என்று திரும்பப் பெற்றால், உங்களுக்கு வைத்தது அதுவா என்று பார்க்க அது உதவும்.

இத்தனைக்கும், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது மாடு அல்ல, அந்த வாராந்திர மாத்திரை. அது அலெண்ட்ரோனேட் அல்லது ரிசெட்ரோனேட் வகையாக இருக்கலாம். தாடையில் அறுவை செய்தால், இவற்றை நெடுநாள் எடுப்பவர்களில் அரிதாகச் சிலருக்குப் புண் ஆறாமல் எலும்பு வெளியே தெரியும். எத்தனை வருடமாக எடுக்கிறீர்கள், இடையில் எலும்பு அடர்த்திக்கு ஊசி போட்டீர்களா, ஸ்டீராய்டு எடுத்தீர்களா என்று பல் மருத்துவரிடம் மருந்துச் சீட்டோடு போய்ச் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். அவரும் மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரும் பேசி முடிவெடுக்கும்வரை இம்ப்ளான்ட் காத்திருக்கட்டும்.