54 லட்சத்தில் எவ்வளவு நிஜம்?

கேள்வி: கூடலூர் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. தம்பிக்கு வயது 24, கால்பந்தில் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர். பழைய கிளப்போடு இருந்த ஒப்பந்தம் மே 31-இல் முடிந்துவிட்டது. இப்போது இரண்டு கிளப்புகள் கூப்பிடுகின்றன. ஒன்று 3 ஆண்டுக்கு 54 லட்சம், இன்னொன்று 1 ஆண்டுக்கு 15 லட்சம். "ஃப்ரீ ஏஜென்டுக்கு (ஒப்பந்தம் முடிந்து நிற்கும் வீரருக்கு) இதற்கு மேல் யாரும் தரமாட்டார்கள், நாளைக்குள் 54-இல் கையெழுத்துப் போடு" என்கிறார் ஏஜென்ட். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு நகலையும் இணைத்திருக்கிறேன். – ஓர் அக்கா, கூடலூர்.

பதில்: நகல்களைப் படித்தோம். அந்த 54 லட்சத்தில் உங்கள் தம்பி கைக்கு உறுதியாக வருவது 14 லட்சத்து 80 ஆயிரம்தான்.

பச்சைத் தேயிலைக்கு ஃபேக்டரி சொல்லும் விலை ஒன்று, ஈரக் கழிவும் வண்டி வாடகையும் போய் வீட்டுக்கு வருவது வேறு என்பது உங்களுக்கே தெரியும். கால்பந்து ஒப்பந்தத்தில் கழிவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம். முதல் ஆண்டுச் சம்பளம் 12 லட்சம், இரண்டாம் ஆண்டு 14, மூன்றாம் ஆண்டு 16. ஆக 42. மீதி 12 லட்சம் போனஸ், ஆண்டுக்கு 4 வீதம். மூன்றாம் ஆண்டு கிளப்பின் விருப்பம். வேண்டுமென்றால் நீட்டிப்பார்கள், தம்பிக்கு அதில் வாயே இல்லை. 9-ஆம் ஷரத்தை இன்னொரு முறை படியுங்கள். முதல் சீசன் முடிந்ததும், அடுத்த ஆண்டுச் சம்பளத்தில் இரண்டு மாதத்தைக் கொடுத்துவிட்டுக் கிளப் கை கழுவிக்கொள்ளலாம். சம்பளம் ஆண்டுக்கு 10 தவணை, எனவே இரண்டாம் ஆண்டின் மாதச் சம்பளம் 1.4 லட்சம். 12-ஓடு 2.8 சேர்த்தால் 14.8. மற்றதெல்லாம் 'நடந்தால்' வரும் பணம்.

15 லட்சம் ஒப்பந்தத்தில் கையெழுத்தன்று 3 லட்சம், பிறகு மாதம் 1 லட்சம் வீதம் 12 மாதம். வெட்டும் ஷரத்து இல்லை, வீடும் கிளப் பொறுப்பு. சின்னதாகத் தெரிவதுதான் கனமாக இருக்கிறது.

போனஸையும் சும்மா விடக்கூடாது. ஆண்டுக்கு 4 லட்சத்தில் 2.5 லட்சம், 20 போட்டிகளில் முதல் பதினொருவரில் ஒருவராக இறங்கினால். 1.5 லட்சம், அணி முதல் ஆறு இடத்துக்குள் வந்தால். 24 போட்டி கொண்ட லீக்கில் தம்பி போன சீசனில் முதலிலிருந்தே இறங்கியது 11 என்று எழுதியிருக்கிறீர்கள். 19 போட்டி ஆடினாலும் இந்த வாசகப்படி பூஜ்யம்தான். 18-ஐத் தொட்டதும் திடீரென்று பெஞ்சில் உட்கார வைத்தால் கேட்க வழியில்லை. அதையே 'போட்டிக்கு 12,500 ரூபாய், உச்சம் 2.5 லட்சம்' என்று மாற்றச் சொல்லுங்கள். 20 போட்டிக்கு அதே 2.5 லட்சம், 11 போட்டிக்கு 1,37,500. கிளப்புக்கு உச்சச் செலவு ஒரு ரூபாய்கூட அதிகமாகாது. அதனால் இதை மறுத்தால் அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். 'போட்டிக்கு' என்றால் மாற்று ஆட்டக்காரராக வருவதும் சேர்த்தியா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

ஃப்ரீ ஏஜென்ட் என்றால் மலிவு என்பது தலைகீழ்ப் பேச்சு. 1995 டிசம்பரில் பெல்ஜியம் வீரர் போஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரருக்குப் பழைய கிளப் மாற்றுத்தொகை (வீரரை விட்டுக்கொடுக்க வாங்கும் டிரான்ஸ்பர் பணம்) கேட்க முடியாது என்பது கால்பந்தின் அடிப்படை ஆயிற்று. இதே தரத்தில் ஒப்பந்தத்தில் இருக்கும் ஒருவரை 20 லட்சம் கொடுத்து வாங்கி 2 ஆண்டுக்கு எடுத்தால், கிளப்பின் கணக்கில் சம்பளம் போக ஆண்டுக்கு 10 லட்சம் கூடுதல் செலவு. தம்பியை எடுத்தால் கிளப்புக்கு அந்தச் செலவு இல்லை. மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைக் கையெழுத்துத் தொகையாகக் கேட்பதுதான் உலக வழக்கம். 54 லட்சம் ஒப்பந்தத்தில் அந்தத் தொகையே இல்லை.

கிளப்புக்கு நீண்ட ஒப்பந்தம் ஏன் இனிக்கிறது? இலவசமாக வந்தவரை நடுவில் விற்கலாம். இத்தாலியின் யுவென்டஸ் கிளப் 2012-இல் மாற்றுத்தொகை இல்லாமல் எடுத்த பிரெஞ்சு வீரர் போக்பாவை 2016-இல் 105 மில்லியன் யூரோவுக்கு விற்றது. நம் ஊர் லீக்கில் அந்த உயரம் கிடையாது, தர்க்கம் மட்டும் அதேதான். ஆகவே வேறு கிளப் இவ்வளவு தொகை கொடுத்தால் தம்பியை விடுவிக்க வேண்டும் என்று ஒரு விடுவிப்பு ஷரத்து கேளுங்கள்.

ஏஜென்டின் அவசரத்துக்கும் கணக்கு உண்டு. அவர் கமிஷன் 5 சதவீதம், 'ஒப்பந்த மொத்தத்தில்' என்று போட்டிருக்கிறது. 54-இல் 2.7 லட்சம், அதுவும் முதல் தவணையிலேயே. தம்பியை ஓராண்டில் அனுப்பிவிட்டாலும் அது திரும்பாது. 'வீரர் கைக்கு உண்மையில் வந்த தொகையில், வந்த போது' என்று மாற்றினால் முதல் ஆண்டுக்கு 60 ஆயிரம். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 2023-இல் ஏஜென்ட் கமிஷனுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது; ஐரோப்பிய வழக்குகளில் சிக்கி அது நின்றுபோனது. ஆனாலும் இந்த அளவு சம்பளத்துக்கு அதில் சொன்ன 5 சதவீதத்தைப் பேரத்தில் எடுத்துக்காட்டலாம். 'நாளைக்குள்' என்பதையும் அப்படியே நம்பவேண்டாம். டிரான்ஸ்பர் விண்டோ (கிளப்புகள் புது வீரர்களைப் பதிவு செய்யும் காலம்) மூடுவதற்கு முன்பே ஒப்பந்தம் முடிந்தவரை அதற்குப் பிறகும் பதிவு செய்ய ஃபிஃபா விதி இடம் தருகிறது. அணியில் இடம் நிரம்பிவிடலாம் என்பது உண்மைதான், ஆனால் நாலு நாளில் ஒன்றும் குடி முழுகாது.

சம்பளம் நின்றால்? 2025-26 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசன் தள்ளிப்போனபோது சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்தியது ஊரறிந்தது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்து, எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் அவகாசம் தந்தும் வராவிட்டால் வீரர் நியாயமான காரணத்தோடு விலகலாம் என்கிறது ஃபிஃபா விதி. இதைத் தம்பியின் ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் 'சார், சம்பளம்' என்று கேட்டதையெல்லாம் நோட்டீஸ் என்று நம்பி உட்காராதீர்கள். கையெழுத்திட்ட கடிதத்தை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். அதேபோல் 'வீரரின் படத்தைப் பயன்படுத்தும் உரிமைக்குத் தனியே 2 லட்சம்' என்று ஒரு துண்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்களே, அது பதிவாகும் ஒப்பந்தத்துக்குள் வரவேண்டும். வெளியே இருந்தால் தகராறு வரும்போது பெரும்பாடு. 10 சதவீத டி.டி.எஸ். பிடித்தம் நஷ்டமல்ல, வருமான வரிக் கணக்கில் நேர்செய்துகொள்ளலாம்.

இனி முடிவு. 9-ஆம் ஷரத்தை எடுத்துவிட்டால் முதல் ஒப்பந்தத்தில் 26 லட்சம் உறுதியாகிறது. ஆண்டுக்கு 13 என்று பார்த்தால் 15-ஐவிடக் குறைவுதான். ஆனால் முதல் சீசனில் முழங்காலில் ஏ.சி.எல். என்ற இணைப்பு நார் அறுந்தால் ஏறக்குறைய 9 மாதம் போய்விடும். அப்போது இரண்டாம் ஆண்டின் 14 லட்சம் வீட்டைக் காப்பாற்றும். 11 போட்டியே ஆடியவருக்கு அந்தப் பாதுகாப்பு பெரிது. எனவே ஷரத்து நீங்கி, மூன்றாம் ஆண்டு இருவரும் சம்மதித்தால் மட்டும் என்றாகி, கையெழுத்துத் தொகை 2 லட்சமாவது வந்தால் முதல் கிளப். ஷரத்தை எடுக்க மறுத்தால் யோசிக்காமல் 15 லட்சம். அடுத்த ஜனவரியில், ஒப்பந்தம் முடிய 6 மாதத்துக்குள் வந்ததும், வேறு கிளப்போடு முறைப்படி பேசலாம்.

எந்தப் பக்கம் போனாலும் காயம் பற்றிய பக்கத்தில் இரண்டைப் பாருங்கள்: அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது, குணமாகும்வரை முழுச் சம்பளமா. இரண்டு நகலிலும் 'கிளப் அனுமதியில்லாத ஆட்டத்தில் பட்ட காயத்துக்குப் பொறுப்பில்லை' என்று இருக்கிறது. நாடுகாணி இறங்கி நிலம்பூர்ப் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆட நண்பர்கள் கூப்பிடுவார்கள். ஒரு ராத்திரிக்குச் சில ஆயிரம் கிடைக்கும். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து தம்பி அங்கே கேலரியில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி.