சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?

நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். நேரடி விமானம் என்றால் நாலு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. வங்காள விரிகுடாவைத் தாண்டி, நிக்கோபார் தீவுகள் பக்கமாகப் போய், மலாக்கா நீரிணையை ஒட்டி இறங்கும். ஒரு காலத்தில் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம், பினாங்கு என்று நின்று நின்று ஒரு வாரம் போன வழிதான் இது.

ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் குழம்பும். இரவு 11:15-க்குக் கிளம்பி காலை 5:50-க்கு இறங்கும் என்று போட்டிருந்தால் ஆறரை மணி நேரத்துக்கு மேல் என்று தோன்றும். அப்படி இல்லை, இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, அதைக் கழித்தால் நாலு மணி ஐந்து நிமிடம்தான். (1981 முடியும் வரை வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான் இருந்தது, 1982 பிறந்தபோது அவர்கள் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டார்கள். அங்கே ஏழு மணி வாக்கில்தான் விடியும்.)

இதைவிட முக்கியமானது தேதி. 15-ஆம் தேதி 00:40 என்று டிக்கெட்டில் இருந்தால் 14-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். 15-ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். எங்கள் சொந்தத்தில் யாருடைய அப்பா அம்மாவாவது முதல்முறை சிங்கப்பூர் வருகிறார்கள் என்றால், நான் டிக்கெட்டை அனுப்புவதோடு விடுவதில்லை, "வியாழக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புங்கள்" என்று கிழமையோடு சொல்லிவிடுவேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள், பெரியவர்கள் அலைய வேண்டியிருக்காது.

போகிற நேரமும் வருகிற நேரமும் ஏன் ஒன்றாக இல்லை என்று சிலர் கேட்கிறார்கள். காற்றுதான். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலும் கிழக்கிலிருந்து பலமாகக் காற்றடிக்கும். நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் 1950களில் ஆராய்ந்து எழுதிய காற்று இது. ஜூலை, ஆகஸ்டில் சிங்கப்பூர் போகும்போது அது எதிரே வரும், திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளும். கால் மணி நேரம் வித்தியாசம் வந்தால் ஆச்சரியமில்லை.

சரி, வீட்டிலிருந்து வீடு வரை எவ்வளவு? மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள், இறங்கிய பிறகு குடிநுழைவு, பெட்டி எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் வையுங்கள். சிங்கப்பூருக்குள் நுழையக் கொடுக்க வேண்டிய வருகை அட்டையை (SG Arrival Card) இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிடலாம், அதற்குக் கட்டணம் கிடையாது, காசு கேட்கிற தளங்கள் பக்கம் போகாதீர்கள்.

நீங்கள் தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர்ப் பக்கம் என்றால் சென்னையையே மறந்துவிடுங்கள். திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, வானத்தில் தூரம் ஏறக்குறைய அதேதான், தஞ்சாவூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் விமான நிலையம் வந்துவிடும். டிக்கெட் இரண்டாயிரம் மூவாயிரம் குறைவு என்பதற்காக ராத்திரி முழுக்க பஸ்ஸில் சென்னை வந்து, பகல் முழுக்கக் காத்திருந்து ஏறுவதில் மிச்சமாவது ஒன்றுமில்லை, கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்வேன்.