கேள்வி – பதில்: கர்த்தருக்குச் சித்தமானால்

இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு, எதிர்காலத் திட்டங்களையும் தேவசித்தத்தையும் பற்றியவை. ஒன்றுக்கு எழுதும் பதில் மற்றொன்றுக்கும் உதவும் என்பதால் நான்கையும் சேர்த்தே வெளியிடுகிறோம்.

கேள்வி: நான் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஐந்து ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். சவூதி அரேபியாவில் வேலைக்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. அதே நேரத்தில், தெரிந்த குடும்பத்திலிருந்து ஒரு வரனும் வந்திருக்கிறது. ஆறு மாதமாக ஜெபித்தும் தெளிவு கிடைக்கவில்லை. புத்தாண்டு ஆராதனையில் நான் எடுத்த அட்டையில் கிடைத்த வாக்குத்தத்த வசனம் எரேமியா 29:11. கூட்டத்திற்கு வந்த ஓர் ஊழியர் “நீ கடல் கடந்து போவாய்” என்றார்; எங்கள் போதகரோ “பெற்றோரை விட்டுப் போகவேண்டாம்” என்கிறார். வேலை முகவர் மூன்று இலட்சம் ரூபாய் கேட்கிறார். மாத இறுதிக்குள் முடிவு சொல்லவேண்டுமாம். தேவசித்தத்தைத் தவறவிட்டுவிடுவேனோ என்ற பயத்தில் எனக்குத் தூக்கமே வருவதில்லை. – ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்.

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் சவூதியையும் வரனையும் விட என் மனதில் நின்றது கடைசி வரிதான். தேவசித்தம் என்பது எங்கோ ஒளித்துவைக்கப்பட்ட சீட்டு என்றும், அதைக் கண்டெடுக்கத் தவறினால் வாழ்நாள் முழுவதும் இரண்டாந்தரமான பாதையிலேயே நடந்து தீரவேண்டும் என்றும் நம்மில் பலர் ஓய்வுநாள் பள்ளிக் காலத்திலிருந்தே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் ‘இது தேவனுடைய சித்தம்’ என்று வேதம் வெளிப்படையாகவே சொல்லும் இடங்களை எடுத்துப் பாருங்கள். நாம் பரிசுத்தமுள்ளவர்களாக வேண்டும் (1 தெசலோனிக்கேயர் 4:3), எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யவேண்டும் (5:18), நன்மை செய்து புத்தியீனரின் வாயை அடைக்கவேண்டும் (1 பேதுரு 2:15) என்றுதான் அவை சொல்கின்றனவே தவிர, எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் என்று சொல்லவில்லை. ரியாத்தில் இரவுப் பணியில் இருந்தாலும், இப்போதிருக்கும் வார்டிலேயே தொடர்ந்தாலும், ஆண்டவர் உங்களிடம் கேட்கும் பெரும்பகுதி மாறப்போவதில்லை. அந்தப் பகுதி உங்களுக்கு இன்றைக்கே தெரிந்தும் இருக்கிறது.

அடுத்தது, அந்த வாக்குத்தத்த அட்டை. அதை நான் குறைத்துப் பேசவில்லை. டிசம்பர் 31 இரவில் தட்டிலிருந்து எடுத்த அட்டையை நானும் ஆண்டு முழுவதும் வேதாகமத்துக்குள் வைத்திருப்பவன்தான். ஆனால் அட்டையில் ஒரு வசனம்தான் இருக்கும், அதிகாரம் இருக்காது. எரேமியா 29 பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எழுதப்பட்ட ஒரு கடிதம். சீக்கிரம் ஊர் திரும்பிவிடுவோம் என்று காத்திருந்தவர்களிடம், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்யுங்கள், எழுபது வருஷம் ஆகும் என்று அந்தக் கடிதம் சொல்கிறது. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்ற உங்கள் வசனம், அவர்கள் விரும்பாத ஊரில், அவர்கள் கேட்காத காலக்கணக்கோடு வந்தது. ஆகவே அந்த வசனத்தை விசா கிடைத்துவிடும் என்பதற்கு அடையாளமாகவும் வாசிக்கமுடியாது, கிடைக்காது என்பதற்கு அடையாளமாகவும் வாசிக்கமுடியாது.

அதே அதிகாரத்தின் எட்டாம் வசனம், தங்கள் நடுவில் இருந்த தீர்க்கதரிசிகளின் பேச்சில் மோசம்போகவேண்டாம் என்று எச்சரிப்பதையும் கவனியுங்கள். தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணக்கூடாது. ஆனால் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பதும் அடுத்த வரியிலேயே இருக்கிறது (1 தெசலோனிக்கேயர் 5:20, 21). செவிலியர் படிப்பு முடித்த ஓர் இளம் பெண்ணிடம் “கடல் கடந்து போவாய்” என்று சொல்வதற்கு, நம் பகுதியில், தரிசன வரம் அவசியமில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் போதகரின் பேச்சை அதைவிடக் கூடுதலான எடையோடு கேளுங்கள். ஏனெனில் அவர் உங்கள் வீட்டை அறிந்தவர். அவரிடம் “போகலாமா” என்று கேட்பதை விட்டுவிட்டு, “ஏன் அப்படிச் சொல்கிறீர்கள், ஐயா” என்று கேளுங்கள். நீங்கள் அறியாத ஏதோ ஒன்றை உங்கள் தந்தை அவரிடம் சொல்லியிருக்கக்கூடும். அல்லது அவருடைய அறிவுரை பொதுவான ஒன்றாகவே இருக்கலாம். எது என்று தெரிந்தால்தான் அதற்கு எவ்வளவு எடை கொடுக்கவேண்டும் என்பதும் தெரியும்.

தேவசித்தம் நடைமுறையில் எப்படித் தெளிவாகிறது என்பதற்கு அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தைப் போல நெருங்கிப் பார்க்கக் கிடைக்கும் இடம் வேதத்தில் வேறொன்று உண்டா என்று எனக்குச் சந்தேகம். பவுல் மேற்கே ஆசியா நாட்டில் (கண்டமல்ல, இன்றைய துருக்கியின் மேற்கிலிருந்த ரோம மாகாணம்) வசனத்தைச் சொல்ல நினைத்தார், தடைபண்ணப்பட்டது. வடக்கே பித்தினியாவுக்குப் போக முயன்றார், ஆவியானவர் போகவொட்டாதிருந்தார். எப்படித் தடுத்தார் என்று அந்நூலை எழுதிய லூக்கா சொல்லவில்லை. துரோவாவில், கடற்கரையில், முன்னே கடலைத் தவிர வழியில்லாமல் நின்ற இரவில்தான் மக்கெதோனிய மனிதனின் தரிசனம் வந்தது. அப்போதும் “நாங்கள் நிச்சயித்துக்கொண்டு” என்று பன்மையில் எழுதுகிறார் லூக்கா. அந்தச் சொல்லுக்கு மூலமொழியில் துண்டுகளை ஒன்றுசேர்த்து முடிவுக்கு வருதல் என்ற பொருள் உண்டு. இரண்டு தடைகளும் ஒரு தரிசனமும் தோழர்களோடு கலந்த யோசனையும் சேர்ந்து ஒரு முடிவாயின. அதுவரை பவுல் அந்தியோகியாவில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. தமக்குச் சரியென்று பட்ட திட்டத்தோடு நடந்துகொண்டே இருந்தார்.

அந்தக் கதையின் பிற்பகுதி இன்னும் சுவையானது. தரிசனத்தில் வந்தது ஓர் ஆண். மக்கெதோனியாவின் பிலிப்பி பட்டணத்தில் முதலில் இருதயம் திறக்கப்பட்டது லீதியாள் என்னும் பெண்ணுக்கு. அவள் தியத்தீரா ஊரைச் சேர்ந்தவள். பவுல் பேசக்கூடாது என்று தடுக்கப்பட்ட அதே ஆசியா நாட்டுக்காரி! சில ஆண்டுகளுக்குப் பின் அதே ஆசியாவின் எபேசு பட்டணத்தில் பவுல் இரண்டு வருஷம் தங்கிப் போதித்தார். அன்று மூடிய வாசல் என்றென்றைக்கும் மூடியதாக இருக்கவில்லை. மேலும், சந்தேகத்துக்கு இடமில்லாத வழிநடத்துதலோடு போன பிலிப்பியில் அவருக்குக் கிடைத்தது அடியும் தொழுமரமும். ஆகவே போன இடத்தில் கஷ்டம் வந்தால் தேவசித்தத்தைத் தவறவிட்டோம் என்றும், எல்லாம் சுலபமாக முடிந்தால் அதுதான் தேவசித்தம் என்றும் கணக்குப் போடாதீர்கள்.

உங்கள் பக்கத்து மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் போக விரும்பிய நாடு சீனா; உடல்நிலையைக் காட்டி மறுக்கப்பட்டார். 1893-இல் ஜப்பானுக்குப் போனார். அங்கும் உடல்நலம் கெட்டது. இலங்கைக்கு வந்தார், ஊர் திரும்பினார், 1895-இல் பெங்களூருக்கு வந்தார், பிறகு திருநெல்வேலிச் சீமைக்கு. 1901-இல் கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமி அவரிடம் அடைக்கலம் புகுந்தபோதுதான், குழந்தைகளைக் காக்கும் டோனாவூர் பணி உருவெடுத்தது. சீனாவுக்குப் போக அவர் மனு எழுதிய நாளில் டோனாவூர் என்ற பெயரைக்கூட அவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

இப்போது முகவரிடம் வருவோம். இந்தப் பகுதிக்குத் தரிசனமே தேவையில்லை. பெர்சிய ராஜாவின் அரண்மனையில் பணிபுரிந்த நெகேமியா, இடிந்துகிடந்த எருசலேமின் மதிலுக்காகக் கிஸ்லேவு மாதத்திலிருந்து நிசான் மாதம் வரை, ஏறக்குறைய நான்கு மாதம் ஜெபித்தார். ராஜா “நீ கேட்கிற காரியம் என்ன” என்று கேட்ட மாத்திரத்தில், எத்தனை நாள் விடுப்பு, எந்தத் தேசாதிபதிகளுக்குக் கடிதம், மரம் கொடுக்கவேண்டிய வனக்காவலன் பெயர் ஆசாப் என்பது வரை அவர் வாயில் தயாராக இருந்தது. அந்த நான்கு மாதத்தில் அவர் ஜெபமும் செய்திருக்கிறார், விசாரித்தும் வைத்திருக்கிறார். நீங்களும் விசாரியுங்கள். இந்திய அரசிடம் பதிவுபெற்ற வேலை முகவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் மட்டுமே; மூன்று இலட்சம் கேட்பவர் எதன் பேரில் கேட்கிறார் என்று எழுத்தில் வாங்குங்கள். சவூதி உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியருக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்ற விதி 2015-இல் வந்தது. அந்த முகவரின் பதிவு எண் இந்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் கேட்டுப் பாருங்கள். சவூதியில் பணிபுரியச் செவிலியர் எழுதும் புரோமெட்ரிக் தேர்வும் சான்றிதழ் சரிபார்ப்பும் எந்த நிலையில் இருக்கின்றன, ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, நடுவில் விடுப்பு உண்டா என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று சொன்னவர் ஆண்டவரே (லூக்கா 14:28). அந்தக் கணக்கிலேயே முகவர் தேறவில்லை என்றால், உங்கள் ஆறு மாத ஜெபத்திற்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வரனைப் பொறுத்தவரை, விதவை மறுமணம் செய்வதைப் பற்றி எழுதும்போது பவுல் “தனக்கு இஷ்டமாயிருக்கிற” ஒருவரை, ஆனால் கர்த்தருக்குட்பட்டவரை, என்கிறார் (1 கொரிந்தியர் 7:39). இஷ்டம் என்ற சொல்லை அவர் தயங்காமல் எழுதியிருக்கிறார். அந்த மனிதரை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பது உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. உங்கள் வீட்டார் அதைக் கேட்டார்களா என்றும் தெரியவில்லை. பிடித்திருந்தால், வெளிநாட்டு வேலையைப் பற்றி இரு வீட்டாரும் வெளிப்படையாகப் பேசுங்கள். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்க அவர்கள் சம்மதிக்கலாம். சம்மதிக்காவிட்டால் அதுவும் உங்களுக்குத் தெரியவேண்டிய செய்திதான். இதையெல்லாம் செய்துமுடிக்க மாத இறுதி போதாது என்றால், முகவரிடம் அவகாசம் கேளுங்கள். அவகாசமே கொடுக்காத முகவரிடம் பணம் கட்டவேண்டாம்.

கேள்வி: முக்கியமான முடிவுகளுக்கு முன் ‘போ’, ‘போகாதே’ என்று இரண்டு சீட்டு எழுதி, ஜெபித்துவிட்டு, வீட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்வது எங்கள் குடும்ப வழக்கம். கிதியோனும் தோலைப் போட்டு அடையாளம் கேட்டாரே? – ஒரு குடும்பத் தலைவர், கன்னியாகுமரி மாவட்டம்.

பதில்: கிதியோன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, பனி தோலில் மட்டும் பெய்கிறதா என்று பார்த்தது (நியாயாதிபதிகள் 6:36–40) சித்தத்தை அறிவதற்காக அல்ல. “உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ” என்ற கட்டளை அவருக்கு முன்பே, சந்தேகமறக் கிடைத்திருந்தது. நம்பமுடியாமல்தான் தோலைப் போட்டார், ஒருமுறையும் போதாமல் இரண்டு முறை. ஆண்டவர் அவருடைய பலவீனத்துக்கு இரங்கினார் என்பதே அந்தச் சம்பவம். நமக்கு வழிமுறை தருவதற்காக அது எழுதப்படவில்லை. யூதாசின் இடத்துக்கு ஒருவரைத் தெரிந்தெடுக்க அப்போஸ்தலர் சீட்டுப்போட்டதும் தகுதி பார்த்து நிறுத்திய இருவருக்கு இடையில்தான் (அப்போஸ்தலர் 1:21–26). பெந்தெகொஸ்தேக்குப் பிறகு எருசலேமில் பெரும் பிரச்சினை எழுந்தபோது சீட்டு எழுதவில்லை. கூடிப் பேசி, தர்க்கம் செய்து, “பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது” என்று கடிதம் எழுதினார்கள் (15:28). இன்னொன்று, தாங்கள் விரும்பாத சீட்டு வந்தால் ‘இன்னொரு முறை எடு, கண்ணா’ என்று சொல்லாத குடும்பத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. அப்படி இரண்டாம் முறை எடுக்கச் சொன்னபோதே உங்கள் மனம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த விருப்பத்தை ஜெபத்தில் ஆண்டவரிடம் நேராகவே சொல்லுங்கள். குழந்தையின் தலையில் அந்தப் பொறுப்பை வைக்கவேண்டாம். சீட்டின்படி நடந்து காரியம் கெட்டுப்போனால், எடுத்தது நான்தானே என்று அது வளர்ந்தபின் நினைத்துக்கொள்ளும்.

கேள்வி: “நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்” என்று ஆண்டவர் சொல்லியிருக்க, ஆயுள் காப்பீடும் சேமிப்பும் அவிசுவாசம் ஆகாதா? – ஒரு வாசகர், மதுரை.

பதில்: ஆகாது. பஞ்சம் வரும் என்று அறிந்த யோசேப்பு, விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை ஏழு ஆண்டுகள் சேர்த்துவைக்கச் சொன்னார். அதனால் எகிப்து பிழைத்தது, அவருடைய தகப்பன் வீடும் பிழைத்தது. லூக்கா 12-இல் வரும் ஐசுவரியவானும் சேர்த்துவைத்தவன்தான். ஆனால் அவன் பேச்சில் ‘என் தானியம், என் களஞ்சியம், என் ஆத்துமா’ என்பதைத் தவிர வேறு ஆள் கிடையாது. உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தில் வாரிசாக மனைவியின் பெயரோ பிள்ளையின் பெயரோ எழுதியிருக்கும் அல்லவா? அந்த வரியில் நீங்கள் இன்னொருவரை நினைத்திருக்கிறீர்கள்.

கேள்வி: எதைச் சொன்னாலும் ‘கர்த்தருக்குச் சித்தமானால்’ என்று சேர்த்துச் சொல்லவேண்டும் என்று என் மாமியார் வற்புறுத்துகிறார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு “அடுத்த பேருந்தில் வருகிறேன்” என்றாலும் கோபித்துக்கொள்கிறார்கள். – ஒரு சகோதரி, கோயம்புத்தூர்.

பதில்: உங்கள் மாமியாருக்கு வேத ஆதாரம் இருக்கிறது. இன்ன பட்டணத்திற்குப் போய், ஒரு வருஷம் தங்கி, வியாபாரம் செய்து சம்பாதிப்போம் என்று பேசினவர்களைக் கண்டித்து யாக்கோபு அப்படித்தான் சொல்லச் சொல்கிறார் (4:13–15). அவர் கண்டித்தது பெருமையை. பயணத்தையோ வியாபாரத்தையோ அல்ல. பவுலும் எபேசியரிடம் விடைபெற்றபோது தேவனுக்குச் சித்தமானால் திரும்பி வருவேன் என்றார். ஆனால் ரோமருக்கு எழுதுகையில் ஓரிடத்தில் (15:32) சித்தத்தைச் சொல்லியும், அதற்குச் சற்றுமுன் (15:28) அந்த வார்த்தை இல்லாமலே, உங்கள் ஊர் வழியாய் ஸ்பானியாவுக்குப் போவேன் என்றும் எழுதுகிறார். உதட்டில் வந்தாலும் வராவிட்டாலும் மனதில் அது இருந்தது என்பதுதான் காரணம். அத்தையிடம் வாதாடாதீர்கள்; அவர்கள் முன்னால் இரண்டு சொல் கூடுதலாகச் சொல்வதால் உங்களுக்கு ஒன்றும் குறையாது. பவுல் ரோமாபுரிக்குப் போனதென்னவோ உண்மை. ஆனால் போனது கைதியாக, கப்பற்சேதத்தில் தப்பி, மெலித்தா தீவில் மூன்று மாதம் தங்கியபின். ஸ்பானியாவை அவர் பார்த்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் எங்கும் சொல்லவில்லை.